ஐந்நூறு சாட்சியா, ஒரு சாட்சியா?

போன ஈஸ்டருக்கு அதிகாலை ஆராதனை முடிந்து பருத்திப்பால் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். உள்ளே வாலிபர்களுக்குப் பேசியது நான்தான். "இயேசு உயிரோடு எழுந்ததை ஐந்நூறு பேர் நேரில் பார்த்தார்கள்" என்று மைக்கில் அழுத்தமாகச் சொல்லியிருந்தேன். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் மாமா டம்ளரை ஊதிக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ள, ஐந்நூறு பேரும் கூண்டில் ஏறிச் சொன்னாங்களா, இல்ல ஒருத்தர் ஏறி ஐந்நூறு பேர் பார்த்தாங்கன்னு சொன்னாரா?"

அந்த ஒரு வாக்கியத்தில் நான் இரண்டு தவறு செய்திருந்தேன்.

முதல் தவறு எண்ணிக்கை. ஐந்நூறு பேர் கணக்கு வருவது 1 கொரிந்தியர் 15-இல் மட்டும்தான். அப்போஸ்தலரான பவுல் கொரிந்து சபைக்கு அதைக் கடிதமாக எழுதியது ஏறக்குறைய கி.பி. 53–55-இல், அதாவது சிலுவை மரணத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து. அந்த ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை. ஆகவே அது ஒரு சாட்சி, ஐந்நூறு அல்ல. அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. அவர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பவுல் அங்கேயே சொல்கிறார். பார்த்தவர்கள் என்று அங்கே அவர் தரும் பட்டியலில் வரும் பேதுருவிடம் பதினைந்து நாள் தங்கியதையும் இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பார்த்ததையும் கலாத்தியர் நிருபத்தில் சொல்கிறார். 1 கொரிந்தியர் பட்டியலின் கடைசியில் "எனக்கும் தரிசனமானார்" என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். அந்தக் கடிதம் பவுல் எழுதியதுதான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு கிடையாது. 'நானே பார்த்தேன்' என்று ஒருவர் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்தது அது. நான் மைக்கில் அழுத்த வேண்டியது அதைத்தான், ஐந்நூறை அல்ல.

இரண்டாவது தவறு, "எழுந்ததைப் பார்த்தார்கள்" என்றது. யாரும் பார்க்கவில்லை. நான்கு சுவிசேஷத்தில் எதிலும் அவர் எழுந்த நொடியை ஒருவரும் பார்த்ததாக இல்லை. பெண்கள் போனபோது கல்லறை காலியாக இருக்கிறது, அவரையே சந்தித்ததாகச் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கல்லறையிலிருந்து வெளியே வருவதை வர்ணிக்கும் 'பேதுருவின் சுவிசேஷம்' என்று ஒன்று உண்டு, ஆனால் அது வேதாகமத்தில் சேராதது.

நம் சபைகளுக்கே உரிய குழப்பம் ஒன்றும் இருக்கிறது. "சாட்சி சொல்ல வாங்க" என்றால் நமக்கு வேலை கிடைத்தது, காய்ச்சல் போனது. அப்போஸ்தலர் 1-இல் யூதாசின் இடத்துக்கு ஆள் தேடும்போது சாட்சிக்குப் பேதுரு வைக்கும் நிபந்தனை வேறு: யோவான் ஞானஸ்நானம் கொடுத்த காலத்திலிருந்து இயேசுவோடு கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். இரண்டு பேர் தேறினார்கள், சீட்டுப் போட்டு மத்தியா வந்தார். என் அனுபவமும் அவர்கள் கண்ணால் கண்டதும் ஒன்று என்று பேசினால் கேட்கிறவர் சிரிப்பார்.

இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கதையையும் இதையும் ஒன்றாக்காதீர்கள், லாசரு மறுபடி சாக வேண்டியவர். மறுபிறவியோடும் சேர்க்காதீர்கள், இங்கே வேறு உடலில் பிறப்பதே இல்லை.

அடுத்தது நாம் அடிக்கடி சொல்லும் மதுரை கோரிப்பாளையம் உதாரணம். "சிக்னலில் ஆக்சிடென்ட் நடந்தா நாலு பேரு நாலு விதமாச் சொல்வாங்கல்ல, சுவிசேஷமும் அப்படித்தான்." கல்லறையில் பெண்கள் பார்த்தது மாற்குவில் ஒரு வாலிபன், லூக்காவில் இரண்டு பேர் என்று வரும்போது இதைத்தான் எடுத்து விடுகிறோம். ஆனால் மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொன்னால் மாமா அதை நாலு சாட்சியாக எண்ண விடமாட்டார். அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் இதற்காக உயிரைக் கொடுத்தார்கள் என்பதும் அப்படித்தான். புதிய ஏற்பாடு அவர்களில் செபெதேயுவின் மகன் யாக்கோபு கொல்லப்பட்டதை மட்டுமே நடந்ததாகச் சொல்கிறது, மற்றதெல்லாம் பிற்காலப் பாரம்பரியம்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது மாமா இன்னொன்று கேட்டார். "பவுல் லிஸ்ட்ல அந்தம்மா பேரைக் காணோமே?" மகதலேனா மரியாளைத்தான் கேட்கிறார். உண்மைதான், நாலு சுவிசேஷமும் கல்லறைக்கு முதலில் அனுப்புகிற ஆள் பவுலின் பட்டியலில் இல்லை. பெண்கள் சாட்சி செல்லாது என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அதனால் விட்டுப்போனதா என்று பவுல் சொல்லவில்லை. லூக்காவோ, அந்தப் பெண்கள் வந்து சொன்னது அப்போஸ்தலருக்கே வீண்பேச்சாகத் தோன்றியது என்று ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.