சங்கக்கடை மேசையிலிருந்து உள்நாட்டுப் போரை வாசிப்பது எப்படி

ரொறன்ரோவிலிருந்து பேத்தி எடுத்தாள். "அம்மப்பா, ஒரு நாட்டுக்குள்ளேயே சண்டை வரப்போகுதெண்டால் முதலே தெரியுமோ? உங்களுக்குத் தெரிஞ்சதோ?" தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதையா இது? எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

நான் ஆயுதம் எடுத்த இயக்கக்காரனும் இல்லை, ஆய்வாளனும் இல்லை. 1974 முதல் முப்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில், கொக்குவில் பக்கத்தில், ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையில் மேசைக்குப் பின்னால் இருந்தவன். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய். செல் அடியும் பொம்மரும் எல்லோரையும் போல நானும் பார்த்தேன். ஆனால் போரின் போக்கை எனக்குக் காட்டித் தந்தவை பில் புத்தகமும் பங்கீட்டு அட்டையும்தான். எனக்குத் தெரிந்த முறையும் அதுதான்.

கிழித்த ஒப்பந்தங்களை எண்ணுங்கள்

அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், சிங்களச் சோதினை எழுதாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். ஐம்பது வயதை நெருங்கும் மனிதன் அரிக்கன் லாம்புக்குக் கீழ் இருந்து எழுத்துப் பழகியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அது போர் இல்லை. 1956க்கும் 1983க்கும் இடையில் 27 வருடம் கிடக்கிறது. அநியாயம் நடந்த எல்லா நாட்டிலும் போர் வருவதில்லை.

அப்போ எதைப் பார்ப்பது? பேசித் தீர்த்த காரியம் பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். அடுத்த வருடமே பிக்குகள் வீட்டு வாசலில் வந்து குந்தியதும் பண்டாரநாயக்கா அதைக் கைவிட்டார். 1965இல் இன்னொரு சிங்களத் தலைவர் டட்லி சேனநாயக்காவோடு இன்னொன்று, அதுவும் நிறைவேறவில்லை. முதல் முறை பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறைக்குப் பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்று தரப்படுத்தலும் வந்து சேர, எங்கள் கடை வாங்கிலில் இருந்த பெடியங்கள் 'பேச்சுவார்த்தை' என்ற சொல்லைக் கேட்டாலே சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த முதல் அறிகுறி அந்தச் சிரிப்பு. அப்புறம் 1976இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977இல் கலவரம், 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் என்று வரிசையாக வந்தபோது யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை.

1981 மே 31 இரவு, மாவட்டசபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருக்க, யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 நூல்கள். நான் அங்கே புத்தகம் வாசித்த ஆள் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த நாள் கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்காமல் சும்மா நின்றார்கள்.

பட்டியல் யார் கையில் இருக்கிறது?

இதைத்தான் ஆற அமரச் சொல்ல விரும்புகிறேன்.

1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இயக்கம் கண்ணிவெடி வைத்துத் தாக்கியதில் 13 ஆமிக்காரர் செத்தார்கள். எங்கள் கிளையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அடுத்த நாள் கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது. தமிழருடைய வீடு எது, கடை எது என்று கும்பலுக்கு எப்படித் தெரிந்தது? கையில் வாக்காளர் பட்டியல் வைத்திருந்தார்கள். பிறகு அகதிகள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினபோது, அவர்களுக்கு அட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒரு பட்டியலால் வீட்டை இழந்த ஆளின் பெயரை இன்னொரு பட்டியலில் எழுதினேன்.

ஆகவே, நல்ல காரியத்துக்கென்று எழுதிய பட்டியல் எதுவும் அந்தக் காரியத்தோடு நிற்காது. தேர்தலுக்கு, பங்கீட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதியவை துவக்குக்காரன் கைக்குப் போனால் வேறு வேலை செய்யும். பெய்ரூட்டில் 1975இல் அடையாள அட்டையில் மதம் இருந்தது. தடை முகாமில் அதைப் பார்த்துக் கொன்றார்கள். எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் தமிழரின் அட்டையில் சிங்களமும் தமிழும் இருந்தன, சிங்களவரின் அட்டையில் சிங்களம் மட்டும். கொழும்பில் காவலுக்கு நின்றவனுக்கு வாசிக்கவே தேவையிருக்கவில்லை, தூரத்திலிருந்து பார்த்தாலே போதுமாயிருந்தது.

எங்கள் கிளையின் குடும்பப் பட்டியலை என்னிடம் கேட்டு வந்தவர்கள் நாலு வகை: பொலிஸ், இயக்கம், இந்திய ஆமி, கடைசியாக 1996இல் இலங்கை ஆமி. கொடுத்தேன். கொடுக்காமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன் என்று எழுதினால், என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்று. 1989இல் தெருவில் பெடியங்களைப் பிடித்துக் கட்டாயப் பயிற்சிக்குக் கொண்டுபோகத் தொடங்கினதும், வயது என்ற நிரலை நிரப்புவதை நிறுத்தினேன். அரிசி அளக்க வயது எதற்கு? குடும்பத்தில் எத்தனை வாய் என்று தெரிந்தால் காணும். நீங்கள் எங்கேயாவது படிவம் எழுதுகிற வேலையில் இருந்தால், வேலைக்கு வேண்டாத நிரலை வெறுமையாக விட்டுப் பழகுங்கள். போர் வந்தபிறகு பழக நேரம் இருக்காது.

உங்கள் பக்கம் எத்தனை துண்டு என்று பாருங்கள்

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு உள்நாட்டுப் போர் என்றால் இரண்டு பக்கம். 1986 சித்திரை, வைகாசியில் புலிகள் ரெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழித்தபோது கோண்டாவில் சந்திகளில் கிடந்த பெடியங்கள் எல்லாம் தமிழ்ப் பெடியங்கள். ஆயுதம் எடுத்தவர்கள் தங்களுக்குள் அடிபடத் தொடங்கினால் போர் நீளும் என்று கணக்கு வையுங்கள். பேச ஒருவர் மிஞ்சுவார்; அவரை மறுத்துப் பேச ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

மூன்றாவது நாடு வந்தால்? 1987 யூலையில் சமாதானம் காக்க வந்த இந்திய ஆமிக்கு மாலை போட்டோம். ஒக்ரோபரில் அவர்களோடு சண்டை. அந்தத் தீபாவளிக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் தாதியரும் வைத்தியர்களும் சுடப்பட்டார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று. 1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். சோனகத் தெருவில் என்னுடைய தையல்காரர் இருந்தார். இருபது வருடமாக என் அளவு அவருக்கு மனப்பாடம். செய்தி கேட்டதும் என் மனதில் வந்த முதல் எண்ணம், இரண்டு சேட்டுத் துணி அவரிடம் கொடுத்திருக்கிறேனே என்பதுதான். அடுத்த நாள் போனேன். கதவு திறந்து கிடந்தது, தையல் மெசின் இல்லை. ஒழுங்கையில் நின்ற ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அகதிக்கு அட்டை எழுதிய அதே கைதான். போர் எந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது: பக்கத்துத் தெரு காலியானபோது உங்களுக்கு முதலில் என்ன நினைவு வந்தது என்று பாருங்கள்.

தட்டில் எது முடிகிறது

சண்டை வரும் என்று கதை கிளம்பினால் புதிதாகப் பயப்படுபவர் சீனியும் பால்மாவும் வாங்குவார். ஒருமுறை அனுபவப்பட்டவர் உப்பும் நெருப்புப்பெட்டியும் வாங்குவார். உப்புச் சாக்கு காலியாகும் வேகத்தைப் பார்த்து ஊரின் அனுபவத்தைச் சொல்லிவிடலாம்.

1990 யூனுக்குப் பிறகு மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், சிமெந்து, உரம், பற்றரி எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் தடை. அப்போது நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கம்பித் துண்டால் நிமிர்த்தி, போத்தலுக்குள்ளேயே எரிய விடுங்கள். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் சிக்கனம். ரேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ: சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்போம். முக்கியமான செய்தி வரும்போது மிதிக்கிறவர் கேட்பதற்காகக் காலை நிறுத்திவிடுவார், ரேடியோவும் நின்றுவிடும். இதற்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. மோட்டார் சைக்கிளைத் தொடக்க ஒரு சொட்டுப் பெற்றோல், தொடங்கினபின் மண்ணெண்ணெய். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களி.

பங்கர் வெட்டுவதென்றால் நேராக வெட்டாதீர்கள், வளைவாக வெட்டுங்கள். வாசலில் செல் விழுந்தால் சன்னம் நேரே உள்ளே வரும். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண் மூட்டை. சாக்கு இல்லாவிட்டால் பழைய சீலையைத் தைத்து மண் நிரப்பலாம். எங்கள் பக்கம் இரண்டடி தோண்டினால் கல்; அப்படிப்பட்ட வளவில் பாதியை நிலத்துக்கு மேல் எழுப்ப வேண்டும். மாரியில் தண்ணீர் நிற்கும், பாம்பும் வரும். இறங்கும் முன் தடியால் தட்டுங்கள். விழுந்து படுக்கிற நிலை வந்தால் நெஞ்சு நிலத்தில் படக்கூடாது, வாயைத் திறந்து வையுங்கள், காதைப் பொத்துங்கள்.

பெரிய கூரைக்குக் கீழ் கூட்டமாகச் சேராதீர்கள். 1995இல் அரச படைகள் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் போய் இருக்கச் சொன்னார்கள். யூலை 9 நவாலி தேவாலயத்தில் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

சமாதானம் வந்தால்

1995 தை மாதம் போர்நிறுத்தம். நான் பங்கரை மூடி மேலே வாழை நட்டேன். மனுசி, "ஒரு வருசம் பொறுங்கோவன்" என்றாள். நான் கேட்கவில்லை. சித்திரை 19 திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் இரண்டு கப்பல்களைப் புலிகள் தாழ்த்தினார்கள். வாழை முழங்காலுக்குக்கூட வரவில்லை. கிழங்கோடு பிடுங்கிவிட்டு அதே இடத்தைத் திரும்பத் தோண்டினேன். மண் இளகியிருந்ததால் வேலை சுகம் என்று மனுசி சொன்னாள். இன்றுவரை அது பகிடியா என்று எனக்குத் தெரியாது.

போர்நிறுத்தம் சேமிப்புக் காலம். பல்லைப் பிடுங்குங்கள், கண்ணாடியை மாற்றுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு மேலதிகப் பிரதி எடுங்கள். பங்கரை மூடாமல் விடுங்கள், அது சாப்பாடா கேட்கிறது?

வெளிக்கிடும்போது

1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் உடனே கிழக்கே தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று. இலட்சக்கணக்கான சனம், மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம். சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை. விடிந்தபிறகும் நாங்கள் செம்மணி வெளியில்தான் நின்றோம். குடையை மல்லாத்திப் பிடித்து மழைத் தண்ணீர் குடித்தார்கள்.

பாரமாக இருந்தும் உதவியவை: ஒரு பெரிய பானை, கத்தி, கயிறு, சைக்கிள் ஒட்டுச் சாமான், காணி உறுதி, குடும்ப அட்டை. வீணாகிப் போனது நான் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த சங்கத்தின் கணக்குப் பேரேடு. கைதடி வரை சுமந்தேன். ஈரத்தில் ஊதிப் பெருத்து இட்லி மாதிரி ஆகிவிட்டது. மனுசி தன் சீலைக்குள் சுற்றி வைத்திருந்தது எங்கள் கலியாண அல்பம். இதுக்கெல்லாம் இப்போ என்ன தேவை என்று பாலத்தில் வைத்தே ஏசினேன்.

1996இல் ஆமி தென்மராட்சியையும் பிடித்ததும் வீடு திரும்பினோம். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டுக் காணாமல் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன். தாய் முகாமுக்கு முகாம் போனாள். எங்கே போனாலும் படம் கேட்டார்கள். அவர்களுடைய வீடு எரிந்து போயிருந்தது, படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் எங்களிடம் வந்தாள். எங்கள் கலியாண அல்பத்தில், கூட்டப்படத்தின் ஓரத்தில், வெள்ளைச் சேட்டோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு சிறு பெடியன் நின்றான். அப்போது அவனுக்கு ஆறு வயதிருக்கும். அவனுக்கென்று இருந்த ஒரே படம் அது. அந்த மூலையைக் கத்தரித்துக் கொடுத்தோம்.

ஆகவே, பேத்தி, கூட்டப்படங்களை எறியாதே. பொலித்தீன் பையில் போட்டு வை. பின்பக்கத்தில் நிற்பவர்களின் பெயரையும் வருடத்தையும் எழுது. பென்சிலால் எழுது, பேனை மழையில் கரையும்.