ஜூபாவில் முதல் மாதம்: அமைதிகாப்புப் பணியில் புதிதாகச் சேர்வோருக்கான செய்முறை

ஜூபாவைத் தலைநகராகக் கொண்ட தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று தனி நாடானது. அதற்கு முந்தைய நாள் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய தீர்மானத்தால் உருவானதே, அன்மிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைதிகாப்புப் பணி. அங்கே படைவீரர்களோடு கணக்கு, கொள்முதல், கணினி, பொறியியல் போன்ற துறைகளில் குடிமைப் பணியாளர்களும் ஐ.நா. தன்னார்வலர்களும் வேலை செய்கிறார்கள். இந்தக் குறிப்பு அவ்வாறு முதன்முறையாகச் செல்லும் குடிமைப் பணியாளருக்கானது. புதிதாக வருபவர்கள் வந்த மறுநாளே திறமையைக் காட்ட அவசரப்படுகிறார்கள். என் பார்வையில் முதல் இரண்டு வாரங்களும் கையொப்பங்களுக்கும் அனுமதிகளுக்கும் உரியவை.

படி 1: கிளம்புவதற்கு முன்

பி-சேஃப் என்ற இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, சான்றிதழை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும் என்பதால் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். டாலர் கொண்டுபோவதானால் புதிய, கசங்காத தாள்களாகப் பார்த்து வாங்குங்கள். பழைய அச்சுத் தாள்களைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிறிய குக்கர் ஒன்றையும் கொஞ்சம் மிளகாய்த் தூளையும் பெட்டியில் வைத்தால் பின்னால் வருந்த மாட்டீர்கள்.

படி 2: பயண அனுமதி

பலர் உகாண்டாவின் என்டெபி வழியாகவே ஜூபாவுக்குச் செல்கிறார்கள். பல ஆப்பிரிக்கப் பணிகளின் நிர்வாக வேலைகளைக் கவனிக்கும் ஐ.நா. வட்டாரச் சேவை மையமும் அங்கேதான் இருக்கிறது. பயணச் சீட்டு கையில் இருந்தால் போதாது. ஐ.நா. பாதுகாப்புத் துறையின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிந்து, அனுமதி வந்த பிறகே புறப்பட வேண்டும். நாட்டுக்குள் போர் (Bor), மலாக்கால், பென்டியு ஆகிய ஊர்களுக்குச் செல்லும்போதும் இதே விதிதான்.

படி 3: வருகைப் பதிவுத் தாள்

ஜூபாவில் ஐ.நா. வளாகங்கள் இரண்டு: விமான நிலையத்தை ஒட்டிய தொம்பிங், மலையடிவாரத்தில் உள்ள ஐ.நா. இல்லம். வந்து சேர்ந்ததும் உங்களிடம் ஒரு தாள் தரப்படும். மருத்துவம், பாதுகாப்பு, தகவல் தொழில்நுட்பம், போக்குவரத்து, தங்குமிடம் என ஒவ்வொரு பிரிவிலும் அதில் கையொப்பம் வாங்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம். பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தையும் அடையாள அட்டையையும் முதலில் முடியுங்கள். அட்டை இல்லாதவருக்கு மற்ற கதவுகள் மெதுவாகத்தான் திறக்கும். தாள் நிறைவாகும் வரை படித்தொகை தாமதமாகலாம். ஆகவே ஒவ்வொரு கையொப்பத்தையும் அன்றன்றே படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. அறை பெரும்பாலும் கன்டெய்னர் போன்ற தகர அறையாக இருக்கும். குளிர்சாதனமும் கொசுவலையும் சரியாக இருக்கின்றனவா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள்.

படி 4: வாக்கி-டாக்கி

பலரும் அலட்சியப்படுத்தும் படி இதுதான். உங்களுக்கென ஓர் அழைப்புக் குறி, அதாவது வாக்கி-டாக்கியில் உங்களைக் குறிக்கும் பெயர், தரப்படும்; அதை மனப்பாடம் செய்து, குறித்த நேரச் சோதனை அழைப்புகளுக்குத் தவறாமல் பதில் சொல்லிப் பழகுங்கள். எழுத்துகளை ஆல்பா, பிராவோ, சார்லி என்று சொல்லும் முறை முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இரைச்சலில் வேறு எதுவும் தெளிவாகக் கேட்காது. 2016 ஜூலையில் ஜூபாவிலேயே கடும் சண்டை மூண்டது. அப்படியொரு நாளில் இருந்த இடத்திலேயே முடங்கியிருக்க நேரும்போது, மின்னேற்றிய வாக்கி-டாக்கியும் குடிநீரும்தான் துணை. கடவுச்சீட்டு, மருந்து, டார்ச், ஒரு மாற்றுடை ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே எப்போதும் வைத்திருங்கள்.

படி 5: வண்டி ஓட்ட அனுமதி

இந்தியாவிலும் இலங்கையிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு, வலப்பக்கம் ஓட்டும் ஜூபா ஒரு சோதனை. கியர் மாற்றி ஓட்டும் நான்கு சக்கர இயக்க வண்டியில்தான் தேர்வு நடக்கும் என்று எண்ணி, ஊரிலேயே கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரிசல் மண் சாலைகள் குழம்பாகிப் பல ஊர்கள் துண்டிக்கப்படுகின்றன. அப்போது வெளியூர் வேலைக்கு விமானமே வழி.

படி 6: மனிதர்கள்

ஆங்கிலம் அலுவல் மொழி. சந்தையில் ஜூபா அரபி. எந்த வேலையையும் கேட்பதற்கு முன் நின்று நலம் விசாரிப்பது அங்கே கட்டாயம் என்றே சொல்லலாம். எந்தத் தெருவில் இன்று போகக் கூடாது என்பது அந்நாட்டவரான தேசியப் பணியாளர்களுக்குத்தான் முதலில் தெரியும், அதனால் அவர்களோடு அமர்ந்து தேநீர் குடியுங்கள். விமான நிலையம், பாலம், படைவீரர் ஆகியவற்றைப் படம் எடுக்காதீர்கள். அதனால் கைதாக நேரலாம். பணமோ உணவோ வேலையோ கொடுத்துப் பாலுறவு கொள்வதை ஐ.நா. விதி 2003 முதல் வெளிப்படையாகத் தடை செய்கிறது. 18 வயதுக்குக் குறைந்தோர் விஷயத்தில் வயது தெரியாது என்ற சாக்கும் செல்லாது. போர் (Bor) நகரில் இலங்கைப் படை மருத்துவமனை இயங்குகிறது. இந்தியப் படைப்பிரிவுகளும் நாட்டில் உள்ளன. தமிழ்க் குரல் எங்காவது காதில் விழுந்தால் வியக்க வேண்டாம்.

ஓய்வு விடுப்பு எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வரும் என்று முதல் வாரத்திலேயே கேட்டு, பிரிவில் மற்றவர்கள் குறித்த தேதிகளைப் பார்த்தபின் உங்கள் தேதியை எழுதுங்கள். பண்டிகைக் காலத்தில் விமான இருக்கைகள் மிக முன்னதாகவே நிரம்பிவிடும்.