அவசரக் காலப் பணம்: நாமினி போட்டவர்களும் செய்யும் தவறுகள்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், ஜூலை மாதம் வந்தால் பலருடைய வங்கிப் புத்தகங்கள் என் மேசைக்கு வந்துவிடும். புதிதாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிய இளைஞர்கள் சேமிப்பில் கெட்டிக்காரர்களாகவே இருக்கிறார்கள். ஆனால் நான் ஒரு காலத்தில் செய்த தவற்றையே அவர்களும் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது, மருத்துவக் காப்பீடு எடுப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாமினி இருக்கிறார் என்ற நிம்மதி

என் தந்தை பக்கவாதம் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்தபோது, அவருடைய சேமிப்புக் கணக்கில் இரண்டு லட்சமும் நிரந்தர வைப்பில் நான்கு லட்சமும் இருந்தன. இரண்டுக்கும் அம்மாவை நாமினியாகப் பதிந்து, பெரிய வேலையை முடித்துவிட்டதாக நிம்மதி அடைந்தவன் நான்தான். மருத்துவமனை எண்பதாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டது. வங்கிக்குப் போன அம்மாவிடம், நாமினியின் உரிமை கணக்குதாரர் இறந்த பிறகே தொடங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அது சரிதான். அன்று மாலையே அம்மா தம் சங்கிலியை அடகு வைத்தார். வைப்பில் கிடந்த சொந்தப் பணத்துக்கு வட்டி வாங்கிக்கொண்டே, அதைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கினோம் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

இதைச் சொன்னால், "எங்களுடையது கூட்டுக் கணக்குதான் சார்" என்று பதில் வருகிறது. எந்த வகைக் கூட்டுக் கணக்கு என்று கேட்டால் பதில் இல்லை. 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று இருந்தால் மட்டுமே இருவரில் எவரும் தனியாகப் பணம் எடுக்க முடியும். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயருக்குரியவர் உயிருடன் இருக்கும்வரை மற்றவர் தொட முடியாது. 'ஜாயின்ட்லி' என்றால் ஒவ்வொரு முறையும் இருவரும் கையெழுத்திட வேண்டும். நிரந்தர வைப்பில் இன்னொரு முடிச்சு உண்டு: 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றே இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைப்பதற்கு இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கும். ஆகவே அவசரத் தொகை முழுவதையும் வைப்பில் போட்டுவிடாமல், மருத்துவமனை முன்பணத்துக்குப் போதுமானதையாவது கூட்டுச் சேமிப்புக் கணக்கில் விட்டு வைக்க வேண்டும். கணக்கு முழுவதையும் துணைவருக்குத் திறந்துவிடத் தயங்குபவர்கள் (அப்படியும் சிலர் இருக்கிறார்கள்) அந்தத் தொகைக்கென்று மட்டும் தனியாக ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கலாம்.

நோயாளிக்கு நினைவு இருந்து, கையெழுத்திட மட்டும் முடியவில்லை என்றால் வழி இருக்கிறது: ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம், சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். நினைவே இல்லாதபோது நீதிமன்றம்தான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்தவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. தனி நீதிபதி மறுத்த பிறகு மேல்முறையீட்டில்தான் அவருக்கு அது கிடைத்தது. மருத்துவமனைக் கட்டணக் கவுண்டர் அதுவரை காத்திருக்காது.

ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்லி வைத்தால் போதும் என்பது

அட்டையைக் கொண்டு ஒரு நாளில் எடுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு. கணக்குதாரர் இறந்த பிறகு எடுத்தால் மற்ற வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

வருங்கால வைப்பு நிதியில் பழைய நாமினி

குடும்பம் இல்லாத நிலையில் தம்பியை நாமினியாகப் போட்டிருந்தால், திருமணம் ஆனதும் அது செல்லாது. புதிதாகப் பதிய வேண்டும்.

அறை வாடகை வரம்பைப் பார்க்காமல் விடுவது

பல காப்பீட்டுப் பாலிசிகளில், வரம்புக்கு மேற்பட்ட வாடகையுள்ள மருத்துவமனை அறையில் தங்கினால் அறுவை சிகிச்சைக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும்.

நகை இருக்கிறதே என்பது

லாக்கர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அதையும் மற்றவர் திறக்க முடியாது. எங்கள் லாக்கரும் அப்பா பெயரில்தான் இருந்தது. சங்கிலி அன்று அம்மாவின் கழுத்தில் இருந்ததால் தப்பித்தோம்.