படகுப் பலகையில் கைவைக்கும் முன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். கழற்றிப் போடும் பழைய பலகைகளை வாங்கிவந்து சாவி மாட்டும் பலகை, போட்டோ சட்டம், விளக்குத் தண்டு என்று செய்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் நல்ல பலகையை முதல் வாரத்திலேயே பாழாக்குவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

பெரிய தவறு, அவசரம். பலகைக்குள் கடல் உப்பு ஊறியிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை இழுத்துக் கசியும். ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி என்ன ஆகிறதோ, அதுதான் உங்கள் சட்டத்துக்கும். பாலிஷுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். அளவுக்கு அறுத்த துண்டுகளை நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நான் இரண்டு வாரமாவது விடுவேன். அப்புறம் நிழலில், காற்றோட்டமாகக் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம்.

அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பார்க்காதது அடுத்த தவறு. தலை போன ஆணி உள்ளேயே இருக்கும். ரம்பத்தின் பல் போகும், கண்ணுக்கும் ஆபத்து. மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது.

மேலே பார்த்து ஏமாறுவதும் உண்டு. ஒரு பலகையில் வெளியே ஊசிமுனை அளவில் நான்கைந்து ஓட்டைகள்தான். அறுத்தால் உள்ளே சுண்டுவிரல் நுழையும் குழாய்கள், சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் தோல். கப்பல் புழுவின் வேலை. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். கடல்நீர் இல்லாமல் செத்துவிடும், வீட்டு மரச்சாமானுக்குப் பரவாது. ஆனால் அந்த இடத்தில் திருகாணி பிடிக்காது. அதைத் தூக்கிப் போடாமல் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பட்டி வைத்து அடைக்காதீர்கள், அழகே அந்தக் குழாய்தான்.

பழைய பெயிண்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. படகின் அடிப்பூச்சில் செம்பு இருக்கும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நனைத்து, முகக்கவசம் போட்டுச் சுரண்டுங்கள். தீயில் காட்டாதீர்கள். எவ்வளவு சுரண்டினாலும் சரி, இந்த மரத்தில் கரண்டி, காய் நறுக்கும் பலகை, குழந்தை வாயில் வைக்கும் பொம்மை மட்டும் செய்ய மாட்டேன், யார் கேட்டாலும்.