இயந்திரத்தில் கோழியின் தோல் கிழியாமல் இறகு நீக்க

கொதிக்கும் நீருடன் அதே அளவு குழாய் நீரைக் கலந்தால், கோழியை முக்குவதற்கு வேண்டிய 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீர் வெப்பமானி இல்லாமலேயே கிடைத்துவிடும். இரத்தம் முழுவதும் வடிந்த பிராய்லர் கோழியைக் காலைப் பிடித்து அதில் ஏறக்குறைய ஒரு நிமிடம் மேலும் கீழுமாக அசைத்து முக்கி, வால் இறகொன்றை இழுத்துப் பார்த்து, அது தடையின்றிக் கையோடு வந்த பிறகே இறகு நீக்கும் இயந்திரத்தில் போடுங்கள்.

இறகின் அடியைப் பற்றியிருக்கும் தோலின் பிடி இந்தச் சூட்டில் தளர்ந்துவிடுவதால், சுழலும் டிரம்மின் ரப்பர் விரல்கள் சிறிது நேரத்திலேயே இறகை உதிர்த்துவிடுகின்றன. நீர் இதைவிடச் சூடாக இருந்தால் தோல் பாதி வெந்து, ரப்பர் விரல் பட்டவுடன் கிழியும். அதற்கு இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமன்று.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் குழாய் நீரே சில்லென்று இருப்பதால் இந்தச் சம அளவுக் கணக்குப் பொருந்தாது. கொதிநீரைச் சற்றுக் கூட்ட வேண்டும். முற்றிய நாட்டுக்கோழிக்கு முக்கும் நேரம் கூடுதலாகும். எண்ணெய்ப் பசையுள்ள இறகால் நீரை உள்ளே விடாத வாத்துக்கு இந்தச் சூடு போதாது. கோழிக்கான பெரிய டிரம்மில் காடையைப் போடவே கூடாது, கால் முறிந்துவிடும்.