வசனமே தராத மேடையில் நிற்பது எப்படி: தைவான் குவா-ஆ-ஹி நடிகருக்கு

தைவானின் யீலான் பகுதியில் பிறந்த இசை நாடகமான குவா-ஆ-ஹி, கோயில் திருவிழா மேடைகளில் பெரும்பாலும் எழுதிய வசனம் இல்லாமலே நடக்கும். பகலுக்கு ஒரு கதை, இரவுக்கு இன்னொன்று. ஆட்டத்துக்குச் சற்று முன் வாத்தியார் கதையைச் சொல்லிவிடுவார். வசனமும் பாட்டும் அவரவர் பாடு.

கதை கேட்கும்போது எல்லாவற்றையும் நினைவில் வைக்கப் பார்க்காதீர்கள். எந்தக் காட்சி, யாரோடு, என்ன செய்தி வெளிவர வேண்டும், யார் முதலில் மேடையை விட்டு உள்ளே போக வேண்டும் என்ற நான்கு போதும். மூன்றாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். கடிதம் திருடு போனதை நீங்கள் சொல்லாமல் விட்டால், அடுத்த காட்சியில் அதைத் தேடி வருபவர் விழிப்பார். கடைசியில் உடைய வேண்டிய ரகசியத்தை முன்பே உளறுவது அதைவிட மோசம். பாத்திரங்களின் பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேடையில் சொந்த அப்பா பெயர் மறந்துபோவது சாதாரணம்.

நுழைந்ததும் நாலடிச் செய்யுள் ஒன்று, பிறகு பெயர், ஊர், வந்த காரணம். இந்தச் செய்யுள்கள் கைச்சரக்கு. தொழிலில் இதைப் 'பக்-லாய்', அதாவது வயிற்றுக்குள் இருப்பது, என்பார்கள். புலவர், தளபதி, விதவை என ஒவ்வொரு வேடத்துக்கும் குறைந்தது இரண்டு மனப்பாடமாக இருக்கட்டும்.

பாட்டுதான் கடினம். ஏழுசொல் மெட்டில் நான்கு அடி, அடிக்கு ஏழு அசை, நான்கும் ஒரே ஒலியில் முடிய வேண்டும். முதலடியிலிருந்து கட்டினால் மூன்றாம் அடியில் சொல் கிடைக்காமல் மாட்டிக்கொள்வீர்கள். கடைசி அடியை முதலில் தீர்மானித்து, அதன் ஒலியைப் பிடித்துப் பின்னோக்கி வாருங்கள். பிரிவுக் காட்சிக்கு 'இ' ஒலி கைகொடுக்கும்: நாடகம் நடக்கும் ஹொக்கியன் மொழியில் 'சி' காலம், 'லி' நீ, 'கி' போ, இன்னொரு 'சி' சாவு. ஆனால் இரண்டு 'சி'யும் ஒன்றல்ல. காலத்துக்குக் குரல் கீழிருந்து ஏறும், சாவுக்கு மேலிருந்து விழும். மெட்டின் அழகுக்காக ஏற்றத்தை இறக்கமாக்கினால், 'காலம் வரும்' என்று நீங்கள் பாடியது 'சாவு வரும்' என்று கேட்கும். அடி முடியும் இடத்தில் மெட்டைச் சொல்லுக்கு வளைத்துக்கொள்ளுங்கள்.

நிறையச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் ஏழுசொல் மெட்டில் திணிக்காமல், சொற்களை நிறைய ஏற்கும் தோமா மெட்டுக்குப் போங்கள். அழுகை மெட்டை ஒரே ஆட்டத்தில் அடிக்கடி எடுத்தால் மதிப்புப் போய்விடும். துயர வேடங்களுக்குப் பேர்போன லியாவ் சியுங்-சி போன்றவர் பாடும்போது சபை கண் துடைக்கிறதென்றால், அதற்கு முன்பே கதை அந்த இடத்துக்கு வந்திருக்கும்.

நீங்கள் என்ன பாடப் போகிறீர்கள் என்று வாத்தியக்காரர்களுக்கும் தெரியாது. குழுவை நடத்துபவர் மேளக்காரர். அவருக்குக் கைச்சைகை காட்டுங்கள், அல்லது வசனத்தின் கடைசிச் சொல்லை இழுங்கள். உணர்ச்சிக்காக எங்காவது இழுத்துவிட்டால் தேங்காய்ச்சிரட்டைப் பிடில் எழும்பிவிடும். அப்போது நிறுத்தாதீர்கள், எதையாவது நான்கடி பாடி முடியுங்கள்.

எதிரே நிற்பவர் தடுமாறினால் பதில் தெரிந்த கேள்வியாகக் கேளுங்கள்: "உங்கள் எசமானர் எப்போது புறப்பட்டார்?" சொல்லிக் கொடுக்காதீர்கள், கீழே இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரவில் 'ஓபெலா' பாணி என்றால் (ஆபெராவின் ஜப்பானிய உச்சரிப்பிலிருந்து வந்த பெயர்) சினிமாப் பாட்டு, கீபோர்டு எல்லாம் வரும். சுதந்திரம் அதிகம், ஆனால் கதை கேட்கும்போது பிடித்துக்கொண்ட அந்த நான்கும் மாறாது. தொடக்கத்தில் வரும் தேவர் வேட ஆட்டம் மட்டும் விதிவிலக்கு. அது கோயில் தெய்வத்துக்கானது, மரபுப்படிதான் நடக்கும். அதில் சொந்தச் சரக்கைக் கலக்காதீர்கள்.

மேடையை விட்டு உள்ளே போகுமுன் எங்கே போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரைக்குப் பின்னால் நிற்பவர் அதைக் கேட்டுத்தான் தன் முதல் வரியை அமைப்பார்.