அராமிய எழுத்தை இணையப் பக்கத்தில் முறையாக இடுவது எப்படி

சிங்கப்பூரின் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878 முதல் இருந்துவரும் மாகேன் அபோத் யூத ஆலயத்தில் வாசிக்கப்படும் எபிரேயச் சதுர எழுத்து, பண்டைய அராமிய எழுத்திலிருந்து வளர்ந்தது. அந்த உறவை நம்பி அராமியச் சொல்லை எபிரேய எழுத்தில் தட்டச்சு செய்து, பழைய வடிவமுள்ள எழுத்துரு ஒன்றை அதன்மேல் போர்த்திவிடாதீர்கள். எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்றிருந்த காலத்தில் தமிழ் பட்ட பாடு நமக்குத் தெரியும். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோதும் அதுவே பெரிய கவலையாக இருந்தது. எழுத்துரு மாறியதும் சொல் குலையும் அந்த நிலையை இன்னொரு மொழிக்கு நாம் உண்டாக்கலாகாது.

பாரசீக அகாமனியப் பேரரசின் அலுவல்களில் வழங்கியதும், பின்னர் அசோகரின் காந்தகார் கல்வெட்டில் கிரேக்கத்தோடு சேர்ந்து இடம்பெற்றதுமான அராமியத்துக்கு, உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோட் தரத்தின் 2009இல் வெளிவந்த 5.2 பதிப்பு தனி இடம் ஒதுக்கியது. பதினாறடிமான எண்ணில் 10840 முதல் 10855 வரை 22 எழுத்துகளும், அவற்றையடுத்து எண்குறிகளும் உள்ளன. ஹெச்டிஎம்எல்லில் பதின்ம எண்ணாக எழுதினால் ஆலெஃப் 67648, கடைசி எழுத்தான தாவ் 67669. அரசன் எனப் பொருள்படும் ‘மல்கா’ என்ற சொல் இப்படி அமையும்:

𐡌𐡋𐡊𐡀

இதில் மேம், லாமெத், காஃப், ஆலெஃப் ஆகிய நான்கும் வாசிக்கும் வரிசையிலேயே இருப்பதைக் கவனியுங்கள். திரையில் சொல் வலமிருந்து இடமாகத் தெரிவதால், எழுத்துகளையும் திருப்பிப்போட வேண்டும் என்று நானும் தொடக்கத்தில் நினைத்தேன். அப்படிச் செய்த பக்கத்தில் தேடல் ஒரு சொல்லையும் கண்டுபிடிக்கவில்லை. வலமிருந்து இடமாகச் செல்லும் இயல்பு அந்த எழுத்துகளிலேயே பதிந்திருப்பதால், திருப்பும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் தமிழ் வாக்கியத்தின் நடுவே அச்சொல்லை எழுதி, அடுத்து 2009 என்று இட்டால், அந்த எண் சொல்லுக்கு இடப்பக்கம் போய் நின்றுவிடும். இதைத் தவிர்க்க அராமியச் சொல்லைப் ‘பிடிஐ’ (bdi) என்ற குறியொட்டுக்குள் அடைத்து, மொழிப் பண்பில் ‘ஏஆர்சி’ என்று குறிப்பிடுங்கள். பத்தி முழுவதும் அராமியமானால் திசைப் பண்பை ‘ஆர்டிஎல்’ என்று வைத்தாலே போதும்.

அதிகம் இடறும் இடம் தரவுத்தளம். யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும், அராமிய எழுத்து 4 பைட் கொள்ளும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய ‘யுடிஎஃப்8’ அமைப்பு 3 பைட் வரைதான் ஏற்கும் என்பதால், தமிழ் பழுதின்றி ஓடும் தளத்தில் குறை இருப்பதாக யாருக்கும் ஐயம் எழாது. அராமியத்தைச் சேமிக்கும்போதுதான் அது வெளிப்படும். ‘யுடிஎஃப்8எம்பி4’ (utf8mb4) அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகளும் 4 பைட் கொள்பவையே என்பதால், இந்த மாற்றம் நமக்கும் வேண்டியதுதான். ஜாவாஸ்கிரிப்ட் இத்தகைய எழுத்து ஒவ்வொன்றையும் இரண்டு அலகாக எண்ணுவதால், அதில் மேற்கண்ட நான்கெழுத்துச் சொல்லின் நீளம் 8 என்று வரும். ஆகவே நீளத்தை வைத்துச் சொல்லை வெட்டாதீர்கள்.

எழுத்துருவுக்கு இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் இம்பீரியல் அராமெய்க் போதுமானது. அதைத் தளத்திலேயே ஏற்றி, சிஎஸ்எஸ்ஸில் உங்கள் தமிழ் எழுத்துருவுக்கு அடுத்ததாகக் குறிப்பிடுங்கள்; இல்லையேல் பல கைப்பேசிகளில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். உயிரொலிகளைப் பெரும்பாலும் குறிக்காத எழுத்து என்பதால், பக்கத்திலேயே தமிழில் ஒலிபெயர்ப்பையும் கொடுங்கள்.